கஸ்பாருக்கு மூச்சு முட்டவில்லை

1. முதல் நாள் நான் செத்தது

தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, நல்ல வெயிலில், ஊரார் பார்க்க நான் செத்துப்போனேன். செத்துவிட்டேன் என்று நம்பியது நான் ஒருவன்தான். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மூச்சைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் என் சாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. அதுவரை ஒரு கல்லூரியின் உடலியல் லேபில் தவளைகளோடு காலம் தள்ளியவன். மெட்ராஸிலிருந்து டாக்டர் கமலா என்பவர் வந்திருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுக்கிறவர்களின் மூச்சையும் ரத்தத்தையும் ஆராய்வது அவர் வேலை. அதற்காகக் கடற்கரைச் சாலையில் உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கிற பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். நான் அவருக்கு லேப் அசிஸ்டென்ட், பெயர் முத்து. தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர்க்காரன். கடலை அதற்கு முன்பு திருச்செந்தூரில் முழங்கால் அளவுக்குப் பார்த்ததோடு சரி.

மெஷின் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னது இவ்வளவுதான்: தாளத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்க ஒரு மரப்பெட்டி, வாயில் கடித்துக்கொள்ள ரப்பர் மவுத்பீஸ், மூக்குக்கு ஒரு கிளிப், விடுகிற மூச்சையெல்லாம் பிடித்துவைக்க ஒரு பெரிய பை. இடையிடையே காது மடலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அதில் ஆசிட் எவ்வளவு என்று மீட்டரில் பார்ப்போம். சங்கு குளிக்கிற ஆட்கள் பயப்படக் கூடாது, முதலில் உங்கள்மீது ஓட்டிக் காட்டலாம் முத்து என்றார் டாக்டர். நானும் சினிமாவில் நடிக்கக் கூப்பிட்ட மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன்.

மூக்கில் கிளிப் விழுந்த கணமே உலகத்தில் காற்று தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இருக்கிற கொஞ்சத்தையும் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று இழுத்து இழுத்து விட்டேன். உதடு மரத்தது. விரல்கள் விறைத்து, கோழிக்கால் மாதிரி உள்ளே மடங்கிக்கொண்டன. கண் இருட்டியது. மவுத்பீஸைத் துப்பிவிட்டு, என் உடம்பை ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும், கடலில் போட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு தரையில் சாய்ந்தேன்.

வாசலில் நின்ற கூட்டத்தில் நெஞ்சு அகன்ற ஓர் ஆள் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னும் பெட்டியில ஏறவே இல்லையே. அதுக்குள்ள மேல போயிட்டியளா?"

அவர்தான் கஸ்பார்.

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் காற்று குறையவில்லை, தேவைக்கு மேல் விட்டுத் தள்ளிவிட்டேன் என்றார். மெதுவாக விடச் சொன்னார். விட்டேன். விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மானம் மட்டும் நிமிரவில்லை.

அன்று மாலை அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். உடம்பு வேலை செய்யும்போது தசைகள் கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. அது ரத்தத்தில் கரைந்தால் ஆசிட். வேலை கடுமையானால் தசைகள் வேறோர் ஆசிடையும் சேர்த்துக் கொட்டும். மூச்சு முட்டுகிறது, இழுத்து விடு என்று நம்மைப் பிடித்து உலுக்குவது பெரும்பாலும் இந்த ஆசிட்தான், அதைக் கவனிக்க மூளையில் ஒரு வாட்ச்மேன் உண்டு. ஆக்சிஜன் குறைவதைப் பார்த்துக்கொள்ளக் கழுத்து ரத்தக்குழாய்ப் பக்கம் தனியாக இரண்டாவது வாட்ச்மேன் உண்டு. ஆனால் அவர் தூங்குமூஞ்சி. நன்றாகக் குறைந்த பிறகுதான் எழுந்திருப்பார். ரத்தத்தில் ஆசிட்டும் கூடியிருந்தால் அவருக்கு வீரம் வரும், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊரைக் கூட்டுவார்கள். என்னைப் போல ஊதி ஊதி ஆசிடை வெளியேற்றிவிட்டால் முதல் ஆள் தூங்கிவிடுவார். இரண்டாம் ஆள் தனியாகக் கூப்பிடுவது யார் காதிலும் சரியாக விழாது.

எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை இல்லை என்று தெரிய கஸ்பார் தேவைப்பட்டார்.

2. இரண்டு பைகள்

அந்தக் கரையில் தண்ணீருக்கு அடியில் அதிக நேரம் இருக்கிறவர் என்று கஸ்பாருக்குப் பெயர். மற்ற வள்ளத்துக்காரர்கள்கூட, ஒரு வேலைக்கு நேரமாகும் என்றால், கஸ்பார் முங்கி எந்திரிக்கிற நேரம் ஆகும் என்று சொல்வார்கள். முப்பது வயதுக்குள் அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. அதைத் தவிர அவரிடம் பெரிதாகச் சொத்து எதுவும் கிடையாது.

எங்கள் கிட்டங்கியில் அந்தப் பெயருக்குப் பங்கம் வந்தது. பெட்டியில் ஏறி இறங்கும்போது மற்றவர்களுக்கு முன்னால் கஸ்பாருக்கு இரைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைப் பிடிக்கச் சொன்னபோதும் நடுத்தரமாகத்தான் பிடித்தார். அவர் ரத்தத்தில் ஆசிட் கொஞ்சம் கூடினாலே உடம்பு கூப்பாடு போட்டது. குறை என்று இல்லை, அவருடைய உடல்வாகு அப்படி. கூட வந்தவர்கள் விசில் அடித்தார்கள். கஸ்பார் முகம் சுண்டிப்போய், இது கரை மூச்சு, கடல் மூச்சு வேறே என்றார்.

கடல் மூச்சு என்னவென்று டாக்டர் கேட்டார். கஸ்பார் செய்து காட்டினார். கொல்லன் துருத்தி மாதிரி நெஞ்சு ஏறி ஏறி இறங்க, வேகமாக ஊதி ஊதி எடுத்தார். பிறகு பிடித்தார். இந்த முறை எல்லோரையும் வென்றார். மற்றவர்கள் இறங்கும் முன் இரண்டு மூன்று தடவை ஆழ இழுப்பதோடு சரி. இந்த ஊதல் கஸ்பார் தானாகக் கண்டுபிடித்த வித்தை.

டாக்டர் சிரிக்கவில்லை. என்னை இரண்டு பைகள் தயார் செய்யச் சொன்னார்.

முதல் பையில் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். கஸ்பார் கொஞ்ச நேரத்திலேயே நெளிந்தார், வேர்த்தார், மவுத்பீஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் வண்டை வண்டையாகத் திட்டினார். இரண்டாவது பையும் அதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், வழியில் சோடா லைம் நிரப்பிய டப்பா ஒன்று இருந்து கார்பன் டை ஆக்சைடை விழுங்கிவிடும். ஆக்சிஜன் மட்டும் குறைந்துகொண்டே வரும்.

அந்தப் பையில் கஸ்பார் நிம்மதியாக இருந்தார். கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து, பெயரைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லியிருந்தோம். எழுதிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எழுத்துகள் பெரிதாயின. பிறகு 'க' மட்டும் வந்தது. பிறகு ஒரு கோடு இழுபட்டுச் சிலேட்டை விட்டு வெளியே போய் அவர் தொடையில் முடிந்தது. உதடு நாவல்பழ நிறம். முகத்தில் மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை, பந்தியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர் முகம். நான் கத்திய கத்தலில் தெருவில் போன மாட்டுவண்டி நின்றது. டாக்டர் அதற்கு முன்பே வால்வைத் திருப்பியிருந்தார்.

வெளிக்காற்று உள்ளே போனதும் கஸ்பாருக்கு நிறம் திரும்பியது. ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்று கோபப்பட்டார். சிலேட்டைக் காட்டினேன்.

"இது யாரு கிறுக்குனது?" என்றார்.

மறுநாள் அதே இரண்டாவது பையோடு என்னை ஓட்டமாகப் பெட்டியில் ஏற்றி இறக்கினார் டாக்டர். எனக்கு நாய் மாதிரி இரைத்தது. காலில் ஊறிய ஆசிட் இரண்டு வாட்ச்மேன்களையும் எழுப்பிவிட்டது. கஸ்பாருக்கு இதைக் காட்டி, வேலை செய்கிற உடம்பு இப்படித்தான் கூப்பிட வேண்டும், கடலில் ஊதிவிட்டு இறங்கினால் இந்தக் கூப்பாடு கேட்காது என்றார். அடியில் தண்ணீர் அழுத்துவதால் மிச்சமிருக்கிற ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், மேலே வரவர அழுத்தம் குறைந்து அதுவும் கைவிட்டுவிடும், ஆகவே ஆபத்து அடியில் இல்லை, மேலே வந்து சேரப்போகிற இடத்தில்தான் என்றும் சொன்னார்.

கஸ்பார் கேட்டுக்கொண்டார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"டாக்டரம்மா, எனக்கு மூச்சு முட்டுனா எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

3. வள்ளத்தில்

டாக்டருக்கு வள்ளம் ஒத்துக்கொள்ளாது. ஏறிய முதல் நாளே படுத்துவிட்டார். அதனால் பையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஆள் மேலே வந்தவுடன் விடுகிற முதல் மூச்சைப் பையில் பிடிக்க வேண்டும். அதற்கு நான் வள்ளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து, மவுத்பீஸை நீட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே கிடக்க வேண்டும். பயந்தாங்கொள்ளிக்கு என்றே யோசித்து உண்டாக்கிய வேலை.

கஸ்பாருக்குக் கயிறு பிடிக்கிறவர் சூசை. கஸ்பாரின் மனைவி ரீத்தம்மாளுக்கு அண்ணன். ஒரு கயிற்றில் கல், அதில் கால் வைத்து இறங்குவார். இன்னொரு கயிற்றில் சங்கு போடுகிற வலைப்பை. மேலே வர வேண்டும் என்றால் பைக்கயிற்றை அசைப்பார், சூசை இழுப்பார். கஸ்பார் பாதி தூரம் கயிற்றோடு வந்து, பிறகு அதை விட்டுவிட்டுத் தானாக நீந்தி மேலே வருவார். அவர் அசைக்கும் முன்பே இழுப்பது பெரிய மரியாதைக்கேடு. உனக்கு மூச்சு கிடையாது என்று நாலு பேர் முன்னால் சொல்வதற்குச் சமம்.

ஒரு நாள் காலை முதல் முங்கிலேயே நான் அந்த மரியாதைக்கேட்டை உண்டாக்கினேன். ஆளைக் காணவில்லை, ஆளைக் காணவில்லை என்று நான் குதித்த குதியில் சூசையும் பயந்து கயிற்றை இழுத்துவிட்டார். கஸ்பார் வெறும் பையோடு வந்து இரண்டு பேரையும் பார்த்த பார்வையில் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். அடுத்த முங்கில் ஏதோ மீன் கூட்டத்தின் நிழலைப் பார்த்து மறுபடியும் கத்தினேன். துடுப்பு போடுகிறவர்கள் என்னைப் போலவே கத்திக் காட்டிச் சிரித்தார்கள். அதற்கடுத்த முங்கிலும் கத்தினேன், எதற்கு என்று இப்போது நினைவில்லை.

பிறகு கஸ்பார் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஊத ஆரம்பித்தார். டாக்டர் வேண்டாம் என்றாரே என்றேன்.

"நீங்க பையப் புடிங்க அண்ணாச்சி. மூச்ச நான் புடிச்சிக்கிடுதேன்."

வழக்கத்தைவிட அதிகமாக ஊதினார். காலையிலிருந்து போன மானத்தை ஒரே முங்கில் மீட்க நினைத்தார் போல. இறங்கினார். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தேன். நேரம் போனது. மிக நேரம் போனது. கயிறு அசைந்தது. சூசை இழுத்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

தண்ணீர் அன்று கண்ணாடி. கஸ்பார் கயிற்றை விட்டுவிட்டு மேலே வருவது தெரிந்தது. தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு கை நீளம்தான் இருந்திருக்கும். என்னை நேராகப் பார்த்தார். சிரித்தார் என்றுகூடச் சொல்வேன். நான் மவுத்பீஸை நீட்டினேன். அவர் வாயிலிருந்து குமிழிகள் மொத்தமாக வந்தன. தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. அவசரமே இல்லாமல், முகத்தை என் பக்கம் வைத்தபடியே, கீழே போக ஆரம்பித்தார்.

கத்தினேன். சூசை முதுகைக் காட்டிக்கொண்டு வலைப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இன்னைக்கி எத்தன மட்டம் அவனச் சாவடிப்பிய அண்ணாச்சி?"

மறுபடி கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. காலையிலிருந்து ஒன்றுமில்லாததற்கெல்லாம் வந்த சத்தம், அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. வள்ளத்தில் என் குரல் கேட்காமல் போனதுதான் சூசையைத் திரும்பவைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். வலைப்பையோடு குதித்தார்.

தூக்கிக் குறுக்குப் பலகையில் கிடத்தியபோது கஸ்பார் நீலமாக இருந்தார். தண்ணீர் கொஞ்சம்தான் வந்தது. சூசை அவர் கன்னத்தில் அறைந்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார், மறுபடி அறைந்தார். தங்கச்சிக்கு நான் என்ன சொல்லுவேன், தங்கச்சிக்கு நான் என்ன சொல்லுவேன் என்று ஒவ்வொரு அறைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். துடுப்புக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறு எதைப் பிடிப்பது என்று தெரியாமல்.

குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது கஸ்பாரின் மூச்சு. அதன் பிறகு இன்னொன்று.

கண் திறந்தவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சூசை அழுவதைப் பார்த்தார்.

"என்ன மச்சான், யாருக்கு என்ன?"

நீ தண்ணிக்குள்ள போயிட்ட மாப்ள என்றார் சூசை. கஸ்பார் நம்பவில்லை. கயிற்றை அசைத்தது நினைவிருக்கிறது, ஏறி வந்தது நினைவிருக்கிறது, என் முகம்கூட நினைவிருக்கிறது.

"நான்தான ஏறி வந்தேன்," என்றார். "எனக்கு மூச்சே முட்டலயே."

4. ரீத்தம்மாள் கேட்டது

அதுதான் எங்களுக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. பட்டவருக்குப் பட்டது தெரிந்தால் அடுத்த தடவை ஜாக்கிரதையாக இருப்பார். கஸ்பாருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் கணக்கில் அது ஒரு நல்ல முங்கு, மேலே வந்ததும் நாங்களெல்லாம் கூடி நாடகம் போட்டோம். தன் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறோம் என்றுகூடச் சந்தேகப்பட்டார். சாட்சிகளில் நான் ஒருவன். என் சாட்சி எந்தக் கோர்ட்டில் எடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு நாள் கழித்து ரீத்தம்மாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தார். உட்காரவில்லை. டாக்டரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவருக்கு மூச்சு முட்டுனா அவருக்குத் தெரியாதாம்மா?"

ஊதிட்டு இறங்கினா தெரியாதும்மா என்றார் டாக்டர்.

"அப்ப யாருக்குத் தெரியும்?"

டாக்டர் மீட்டரைப் பார்த்தார். நானும் மீட்டரைப் பார்த்தேன். அது கரையில் இருந்தது.

சூசைதான் பேச்சை எடுத்தார். ஊதக் கூடாது, அவ்வளவுதானே என்று கேட்டார். அவ்வளவுதான் என்றார் டாக்டர். சொன்னால் கேட்க மாட்டான், நான் அந்தப் பக்கம் திரும்பினால் ஊதிவிடுவான் என்றார் சூசை. பிறகு, வாய் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் ஊத முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் டாக்டர். சூசை தலையாட்டிவிட்டுத் தங்கையோடு போய்விட்டார்.

கஸ்பார் திரும்பக் கடலுக்குப் போன அன்று நானும் பையோடு போனேன். கஸ்பார் தண்ணீரில் இறங்கி வள்ளத்தைப் பிடித்தார். சூசை கல் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாதா மந்திரத்தைச் சொல்லு, சத்தமாகச் சொல்லு, முழுவதையும் நீயே சொல்லு, அப்புறம் கல் இறங்கும் என்றார். மாதா கோயிலில் அப்போது அந்த மந்திரத்துக்குப் புதிய, சுருக்கமான வடிவம் வந்திருந்தது. சூசை கேட்டது பழையதை. பழையதுதான் நீளம்.

கஸ்பாருக்கு மச்சானின் தந்திரம் புரிந்துவிட்டது. பல்லைக் கடித்தார். ஆனால் நடுக்கடலில், துடுப்புக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கும்போது, மாதாவுக்கு மந்திரம் சொல்ல மாட்டேன் என்று அந்தக் கரையில் யாரால் சொல்ல முடியும்? விறுவிறுவென்று ஒப்பித்தார். சூசை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். கோயிலில் சொல்வது போல நிறுத்தி நிதானமாகச் சொல்லும்வரை கல் அசையவில்லை. வயல்காட்டுக்காரனான நானே அந்த மந்திரத்தை நெட்டுரு போட்டுவிட்டேன். நிதானமாக மந்திரம் சொல்கிற வாயால் துருத்தி ஊத முடியாது. இதை எந்த லேபில் வேண்டுமானாலும் நீங்கள் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கஸ்பார் இறங்கினார். வெகு சீக்கிரம் கயிறு அசைந்தது. தலை வெளியே வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு இழுத்தார், இருமினார், கண்கள் சிவந்திருந்தன. என் மவுத்பீஸைத் தட்டிவிட்டார். வலைப்பையில் வழக்கத்தில் பாதிச் சங்குகூட இல்லை. துடுப்புக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கரையில் அவருக்கிருந்த பெயர் அந்தப் பருவத்தோடு போனது. அடுத்த பருவம் வேறோர் ஆள் முங்கி எந்திரிக்கிற நேரம் என்றுதான் கரையில் சொன்னார்கள். அதை அவர் லேசாக எடுத்துக்கொண்டார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பல நாள் சூசையோடு பேசாமலே வள்ளத்தில் போனார். மந்திரம் மட்டும் சொன்னார்.

லேப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பெட்டியில் ஏறி இறங்கும்போது ஒருவர் இரைத்தால், வேர்த்தால், என்னைப் போலக் கத்தினால், அவரைக் கவனியுங்கள், ஆனால் பதற வேண்டாம். அவர் ரத்தம் தன் வேலையைச் செய்கிறது. ஆக்சிஜனைக் குறைத்து ஓட்டும்போது ஒருவர் சௌகரியமாக இருக்கிறேன் என்று கையைக் காட்டினால், அந்தக் கையை நம்பாதீர்கள். உதட்டைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள், பெயரைக் கேளுங்கள், வால்வில் கை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும், பக்கத்தில் இருக்கிறவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.

கஸ்பார் மந்திரம் சொல்லி முங்கிய அந்த முதல் நாள், வள்ளம் கரையேறியபோது ரீத்தம்மாள் மணலில் நின்றிருந்தார். சங்கு எத்தனை என்று கேட்கவில்லை. கஸ்பார் தலையைத் துவட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போகப் பார்த்தார். அவர் வழியை விடவில்லை.

"முட்டுச்சா?"

கஸ்பார் கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் காலடி மணலைப் பார்த்தார்.

"முட்டுச்சி," என்றார்.

ரீத்தம்மாள் விலகி வழி விட்டார்.